வண்டிக்கு வந்த வியாதி

'பெட்ரோல் பம்பு' என்று சொன்னால் வடக்கே இருப்பவர்கள் பெட்ரோல் விற்கும் இடத்தைத்தான் நினைப்பார்கள். நம் பக்கத்தில் அதற்குப் 'பங்க்' என்று பெயர் வைத்துவிட்டோம். ஆகையால் பம்பு என்ற வார்த்தை அதன் உண்மையான சொந்தக்காரனுக்கு மிச்சமாயிருக்கிறது. பழைய மோட்டார் வண்டிகளில், பின்புறத்துத் தொட்டியிலிருந்து பெட்ரோலை இழுத்து முன்புறத்து யந்திரத்துக்குக் கொடுப்பதற்கு உள்ளங்கையளவு கருவி ஒன்று உண்டு. அதுதான் அந்தச் சொந்தக்காரன். பட்டறைக்காரர்கள் இதை 'ஏ.ஸி. பம்பு' என்பார்கள். அதைக் கேட்டுவிட்டு, வண்டிக்குள் ஜிலுஜிலுவென்று காற்று வரும் போலிருக்கிறது என்று சந்தோஷப்பட்டவர்களை நான் அறிவேன். உண்மையில் ஏ.ஸி. என்பது ஆல்பர்ட் சாம்பியன் என்னும் பிரெஞ்சுக்காரர் பெயரின் முதலெழுத்துக்கள். சைக்கிள் பந்தய வீரராயிருந்தவர். அமெரிக்காவுக்குப் போய் மோட்டார் சாமான்கள் செய்யும் தொழிலில் புகுந்தார். 1927 இல் காலமானார். கும்பகோணத்துப் பட்டறைகளில் இன்னமும் தம் பெயரெழுத்துக்கள் அடிபடுகின்றன என்று அவருக்குத் தெரிய நியாயமில்லை.

எங்கள் வண்டி 1984 ஆம் வருஷத்து அம்பாஸிடர். 'மார்க் 4' என்ற ரகம். என் தகப்பனார் வாங்கியது. இதற்கு மூலமான மாரிஸ் ஆக்ஸ்போர்டு வண்டியை இங்கிலாந்தில் 1959 ஆம் வருஷத்தோடு செய்து முடித்துவிட்டார்கள். நம் நாட்டிலோ, வங்காளத்து உத்தரபாராவில், 2014 வரையில் அம்பாஸிடர் உற்பத்தியாகி வந்தது. அதுவும் நின்ற பிற்பாடு, "இதை இன்னும் ஏன் வைத்துக் கொண்டிருக்கிறீர்கள்?" என்ற கேள்வி எங்கள் வீட்டில் மாதம் ஒரு முறை தவறாமல் எழுந்து வருகிறது. கேட்கிறவள் என் மனைவி. கணக்கில் கெட்டிக்காரி. பெட்ரோல் செலவு, பட்டறைச் செலவு, ஐந்து வருஷத்துக்கு ஒரு முறை பதிவைப் புதுப்பிக்கும் செலவு எல்லாவற்றையும் கூட்டிக் காட்டுவாள். கூட்டலில் ஒரு தப்பும் இராது.

ஆனால் அந்தக் கணக்கில் சேராத ஒரு விஷயம் உண்டு. என் தாயாருக்கு எழுபத்தெட்டு வயது. இரண்டு முழங்கால்களும் மடங்க மறுக்கின்றன. இந்தக் காலத்துச் சிறு கார்களில் ஏறுவதென்றால் முதலில் குனிய வேண்டும். பிறகு கிணற்றுப் படியில் இறங்குவது போல் உள்ளே இறங்க வேண்டும். அம்பாஸிடரின் ஆசனம் வீட்டு நாற்காலி உயரத்தில் இருக்கிறது. கதவைத் திறந்தால் விசாலமாகத் திறக்கிறது. தாயார் முதலில் உட்கார்ந்து கொண்டு, பிறகு கால்களை ஒவ்வொன்றாக உள்ளே எடுத்து வைத்துக் கொள்வார். கண் வைத்தியத்துக்காக மாதா மாதம் தஞ்சாவூருக்குப் போய் வருவதும், வழியில் இரண்டொரு கோவில்களை எட்டிப் பார்ப்பதும் இந்த வண்டியில்தான். வண்டி நின்றால் அவரும் வீட்டோடு நின்றுவிடுவார்.

அந்த வண்டிதான் போன சித்திரை மாதத்தில் ஒரு நாள், பாபநாசத்தைத் தாண்டிச் சிறு பாலம் ஒன்றின் ஏற்றத்தில், இரண்டு தடவை இருமிவிட்டு நின்றது. உச்சி வேளை. தாயார் பின் ஆசனத்தில் விசிறியால் விசிறிக் கொண்டிருந்தார்.

வெயில் காலத்தில் பழைய வண்டி நின்றால் நம்மூரில் எல்லோரும் ஒரே வைத்தியத்தைத்தான் சொல்வார்கள்: பம்பின் மேல் ஈரத்துணி போடு. இது வெறும் பாட்டி வைத்தியமல்ல. இதற்குச் சாஸ்திர ஆதாரம் இருக்கிறது. அழுத்தம் குறைந்தால் திரவம் சீக்கிரமாகவே கொதிக்கும் என்று வகுப்பில் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுக்கிறேன். உதகமண்டலத்தில் தண்ணீர் நூறு டிகிரியை எட்டு முன்பே கொதித்துவிடுகிறதல்லவா? அதே கதைதான். பம்பு பெட்ரோலை உறிஞ்சும்போது குழாய்க்குள் அழுத்தம் குறைகிறது. பம்போ சூடான யந்திரத்தோடு ஒட்டிப் பிறந்தது போல் இருக்கிறது. பெட்ரோல் குழாய்க்குள்ளேயே ஆவியாகிவிட்டால், பம்பு ஆவியைப் போட்டு அமுக்கிக் கொண்டிருக்குமே தவிர, திரவம் மேலே ஏறாது. ஈரத்துணி போட்டுக் குளிர வைத்தால் ஆவி மறுபடியும் பெட்ரோலாகும்.

நானும் வாய்க்கால் தண்ணீரில் துண்டை நனைத்துப் போட்டேன். பம்பின் அடியில் விரலால் ஆட்டுவதற்கென்று ஒரு சிறு நெம்பு உண்டு; அதையும் இருபது முப்பது தடவை ஆட்டினேன். அரை மணி கழித்து வண்டி கிளம்பிற்று. துணிக்கு நல்ல பெயர் கிடைத்தது.

அடுத்த வாரம் விடியற்காலை ஐந்து மணிக்கு மறுபடியும் கிளம்பினோம். இரவு மழை பெய்து காற்று குளிர்ந்திருந்தது. ஊர் எல்லையைத் தாண்டி இரண்டு கிலோமீட்டர் கூடப் போகவில்லை. அதே இருமல், அதே நிற்பு. பானட்டைத் திறந்து பம்பைத் தொட்டேன். வெதுவெதுப்புக்கூட இல்லை. குளிர்ந்த பம்பில் பெட்ரோல் கொதிக்க வழியில்லை. அப்படியானால் போன வாரம் ஈரத்துணிக்குக் கிடைத்த நல்ல பெயர் அதற்கு உரியதல்ல. உண்மையில் வேலை செய்தது விரலால் ஆட்டிய நெம்புதான்.

தாயாரை ஆட்டோவில் வீட்டுக்கு அனுப்பிவிட்டு, வண்டியைக் கயிறு கட்டி இழுத்து வந்தேன். பிறகு அபிப்பிராயங்கள் வரத் தொடங்கின. மனிதனுக்கு ஜுரம் வந்தால் நாலு பேர் நாலு மருந்து சொல்வதில்லையா? ஒரு பட்டறையில் கார்புரேட்டரை மாற்ற வேண்டும் என்றார்கள். இன்னொன்றில் காயில் என்றார்கள். மூன்றாவது இடத்தில், யந்திரத்தைப் பார்க்காமலே, மின்சார பம்பு ஒன்றை வாங்கிப் பொருத்திவிட்டால் சகல தோஷமும் நிவர்த்தியாகும் என்றார்கள். இவர்கள் சொன்னதையெல்லாம் வரிசையாகச் செய்திருந்தால் என்றைக்காவது ஒரு நாள் வண்டி ஓடியிருக்கக் கூடும். எதனால் ஓடிற்று என்பது மட்டும் தெரிந்திராது.

கடைசியில் என் தகப்பனார் காலத்திலிருந்து வண்டியை அறிந்த பாயிடம் போனேன். வயது எழுபதுக்கு மேல். பட்டறையை மகன் பார்த்துக் கொள்கிறார். ஆனாலும் அம்பாஸிடர் வந்திருக்கிறது என்றால் பாய் எழுந்து வந்துவிடுவார்.

"வாத்தியாரய்யா, முதலில் வியாதி இன்னதென்று தெரியட்டும். அப்புறம் ஸ்பேனரை எடுப்போம்" என்றார்.

அவர் செய்த பரீட்சைகளை அப்படியே எழுதுகிறேன். பழைய வண்டி வைத்திருக்கும் நேயர்களுக்கு உபயோகப்படலாம். முதலில் ஒரு பிளக்கைக் கழற்றி, ஒயரோடு யந்திரத்தின் மேல் வைத்து, வண்டியைச் சுற்றச் சொன்னார். நீல நிறமாகப் பளிச்சென்று நெருப்புப் பொறி பறந்தது. காயில் பிழைத்தது. பிறகு கார்புரேட்டரின் மிதவைக் கிண்ணத்தைத் திறந்தார். அடியில் ஒரு ஸ்பூன் பெட்ரோல்கூட இல்லை. பாத்திரம் காலியாக இருக்கும்போது அடுப்பைக் குற்றம் சொல்வதில் பயன் என்ன? கார்புரேட்டரும் விடுதலையாயிற்று.

அடுத்து, கார்புரேட்டருக்குப் போகும் குழாயை அவிழ்த்து ஒரு கண்ணாடிப் பாட்டிலுக்குள் விட்டார். காயில் ஒயரை எடுத்துவிட்டார். நெருப்புப் பொறியும் பெட்ரோலும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கக்கூடாதே! முன்னால் ஹாண்டிலைப் போட்டு மகன் சுற்றினார். நல்ல பம்பாயிருந்தால், யந்திரம் இரண்டு சுற்றுச் சுற்றுவதற்கு ஒரு தடவை வீதம் பெட்ரோல் பீச்சி அடிக்க வேண்டும். பாட்டிலில் சொட்டுச் சொட்டாக விழுந்தது.

"பம்புதான் பாய்!" என்றேன்.

"அவசரப்படாதீங்க. வீட்டில் குழாயில் தண்ணீர் வரவில்லை என்றால் குழாய் மேல்தான் குற்றம் என்று சொல்ல முடியுமா? தொட்டியில் அடைத்துக் கொண்டிருக்கலாமே?"

நியாயமான கேள்வி. தொட்டியில் துரு அடைத்துக் கொண்டிருக்கலாம். தொட்டி மூடியில் காற்றுப் போகும் துவாரம் தூர்ந்திருந்தாலும் பெட்ரோல் வராது. காற்று உள்ளே நுழைய வழியில்லாத பாத்திரத்திலிருந்து எதையும் உறிஞ்ச முடியாது. வழியில் ரப்பர் ஹோஸில் வெடிப்பிருந்தால் பம்பு பெட்ரோலுக்குப் பதில் காற்றைக் குடிக்கும். இவற்றையெல்லாம் தனித்தனியாகச் சோதித்து ஒரு நாளைப் போக்க வேண்டியதில்லை. பாய் தொட்டிப் பக்கத்து ஹோஸை அவிழ்த்துவிட்டு, புது ஹோஸ் துண்டு ஒன்றைப் பம்பில் மாட்டி, அதன் மறு முனையை ஒரு தகர டப்பாவிலிருந்த பெட்ரோலில் விட்டார். இப்போது தொட்டியும் இல்லை, மூடியும் இல்லை, பழைய குழாயும் இல்லை. பம்பும் பெட்ரோலும் நேருக்கு நேர். மறுபடியும் ஹாண்டிலைச் சுற்றினார்கள். அப்போதும் சொட்டுத்தான்.

குற்றவாளி அகப்பட்டுக் கொண்டது. பாய் அதோடு விடவில்லை. யந்திர எண்ணெயின் மட்டம் பார்க்கும் கம்பியை உருவினார். பழைய வண்டிகள் எண்ணெய் குடிக்கும் என்பது உலகறிந்த விஷயம். எங்கள் வண்டியிலோ, நான் கடைசியாகப் பார்த்தபோது கோட்டுக்குச் சற்றுக் கீழே நின்ற எண்ணெய், இப்போது கோட்டுக்கு மேலே ஒரு விரற்கடை ஏறியிருந்தது. யாரும் ஒரு சொட்டுக்கூட ஊற்றவில்லை. (இதைப் பிற்பாடு வீட்டில் சொன்னபோது, "அட்சய பாத்திரம்தான் என்று சொல்லுங்கள்" என்றாள் என் மனைவி.) பாய் கம்பியை என் மூக்குக்கு நேரே நீட்டினார். பங்க் வாசலில் நிற்பது போலப் பெட்ரோல் நாற்றம் அடித்தது.

"வண்டி நின்றது உங்க அதிர்ஷ்டம் ஸார். நிற்காமல் இன்னும் கொஞ்ச நாள் ஓடியிருந்தால் யந்திரமே போயிருக்கும்" என்றார்.

அவர் ஏன் அப்படிச் சொன்னார் என்பது விளங்க வேண்டுமானால், பம்பின் வயிற்றுக்குள் என்ன இருக்கிறது என்று பார்க்க வேண்டும். துணியில் ரப்பர் பூசிய ஒரு வட்டமான சவ்வு. பட்டறையில் டயாபிரம் என்பார்கள். யந்திரத்துக்குள் சுழலும் காம்ஷாப்ட் என்ற தண்டில் ஒரு மேடு இருக்கிறது. அது சுழலும்போதெல்லாம் பம்பின் கையைத் தள்ள, கை சவ்வைக் கீழே இழுக்கிறது. பெட்ரோல் ஒரு வால்வ் வழியாக உள்ளே வருகிறது. பிறகு சவ்வின் கீழேயுள்ள ஸ்பிரிங் அதை மேலே தள்ள, இன்னொரு வால்வ் வழியாகப் பெட்ரோல் கார்புரேட்டருக்குப் போகிறது. இதில் நான் மிகவும் ரசிக்கும் அம்சம் ஒன்று உண்டு. பெட்ரோலைத் தள்ளுவது யந்திரத்தின் பலமல்ல. அந்தச் சின்ன ஸ்பிரிங்கின் பலந்தான். கார்புரேட்டர் கிண்ணம் நிறைந்து மூடிக் கொண்டால், ஸ்பிரிங்கினால் தள்ள முடியாமல் சவ்வு கீழேயே தங்கிவிடுகிறது. பம்பின் கை வெறுமனே ஆடிக் கொண்டிருக்கும். கிண்ணத்தில் இடம் உண்டானதும் தானாகவே வேலை தொடங்கும். மின்சாரமில்லை, கணக்குப் பார்க்கும் கருவியில்லை. கேட்டால் கொடுக்கும், போதுமென்றால் நிறுத்திக் கொள்ளும். எங்கள் பள்ளிக்கூடத்து மத்தியானச் சாப்பாட்டில் பரிமாறுகிறவர்களுக்குக்கூட இவ்வளவு சாமர்த்தியம் கிடையாது.

சவ்வுக்கு மேலே பெட்ரோல். கீழே யந்திர எண்ணெய் தெறிக்கும் அறை. நடுவில் இருக்கும் சுவர் அந்தச் சவ்வு ஒன்றுதான். அது கிழிந்தால் பெட்ரோலில் ஒரு பகுதி மேலே போகாமல் கீழே எண்ணெயோடு போய்க் கலக்கிறது. பெட்ரோல் கலந்த எண்ணெய் தண்ணீராய் நீர்த்துப் போகும். உராய்வைத் தடுக்க வேண்டிய எண்ணெய் நீர்த்தால், சுழலும் தண்டுகளைத் தாங்கும் பேரிங்குகள் தேய்ந்து போகும். எண்ணெய் அறையில் பெட்ரோல் ஆவி நிரம்பியிருப்பதோ நெருப்புக்கு அழைப்பு அனுப்பியது போல. மின்சார பம்பு யோசனையும் இந்த இடத்தில்தான் அடிபட்டுப் போகிறது. கிழிந்த பம்பை வழியிலேயே விட்டுவிட்டு, பின்னால் மின்சார பம்பு ஒன்றைச் சேர்த்திருந்தால், அது இன்னும் மும்முரமாகப் பெட்ரோலை எண்ணெய்க்குள் தள்ளியிருக்கும். தவிரவும், விபத்தில் வண்டி மோதி யந்திரம் நின்றால் பழைய பம்பும் கூடவே நின்றுவிடும். மின்சார பம்பை நிறுத்துவதற்குத் தனியாக ஏற்பாடு செய்யாவிட்டால் அது ஓடிக் கொண்டேயிருக்கும்.

பம்பைக் கழற்றித் திறந்தோம். சவ்வின் நடுத் தகட்டை ஒட்டி, மூன்றாம் பிறை போல, நகத்தளவு கிழிசல். மற்ற இடமெல்லாம் பழைய செருப்புத் தோல் மாதிரி விறைத்திருந்தது. என் தகப்பனார் காலத்தில் மாற்றிய சவ்வு அது. வயதும் சூடும் ரப்பரைக் கெடுக்கும். போதாக்குறைக்கு இப்போது பெட்ரோலில் எதனால் என்ற சாராயமும் சேர்ந்து வருகிறது. 2022 இல் நாடு முழுவதும் சராசரி நூற்றுக்குப் பத்துப் பங்கு என்ற அளவை எட்டிய கலப்பு, 2025 இல் இருபதாயிற்று. கரும்பு விவசாயிக்கு வருமானம், அந்நிய எண்ணெய்க்குப் போகும் பணம் மிச்சம் என்று இதற்கு நல்ல காரணங்கள் சொல்லப்படுகின்றன. அவற்றோடு எனக்குச் சண்டையில்லை. ஆனால் பழைய காலத்து ரப்பர், சாராயத்தோடு சகவாசம் செய்வதற்கென்று தயாரானதல்ல. சிலவகை ரப்பர் அதில் ஊறி உப்பும். சிலவகை காய்ந்து வெடிக்கும். புதிதாக வாங்கும் சவ்வும் ஹோஸும் எதனாலைத் தாங்கக்கூடியவையா என்று கேட்டு வாங்குவது அவசியம்.

பம்பு வாங்கச் சென்னைக்குப் போனேன். மோட்டார் சாமான்களுக்கென்றே இருக்கும் ஜெனரல் பேட்டர்ஸ் ரோட்டில், மூன்றாவது கடையில் இரண்டு பம்புகளை எடுத்து வைத்தார்கள். ஒன்று முப்பது வருஷத்துக்கு முந்திய அட்டைப் பெட்டியில், எண்ணெய்க் காகிதம் சுற்றி, கை படாமல் இருந்தது. "அசல் சரக்கு ஸார், இனிமேல் கிடைக்காது" என்றார் கடைக்காரர். விலையும் அதற்குத் தக்கபடி இருந்தது. மற்றொன்று சமீபத்தில் செய்தது; பார்வைக்குச் சுமார்.

பழசைப் பார்த்ததும் மனம் அதன் மேலேயே போயிற்று. ஆனால் புறப்படும்போது பாய் ஒன்று சொல்லியிருந்தார்: "ரப்பருக்குப் பெட்டிக்குள்ளேயும் வயசாகும்." உபயோகிக்காத பம்பு என்பது வேறு, புதுப் பம்பு என்பது வேறு. பாய் கற்றுக் கொடுத்தபடி, கடையிலேயே இரண்டையும் பரீட்சித்தேன். பெட்ரோல் உள்ளே வரும் துவாரத்தை விரலால் அடைத்துக் கொண்டு பம்பின் கையை அமுக்க வேண்டும். விரலைக் கவ்வி இழுத்துச் சில வினாடிகளாவது விடாமலிருந்தால் நல்லது. புதுசு விரலை அட்டை மாதிரி பிடித்துக் கொண்டது. பெட்டிக்குள் வாழ்ந்த கிழவர் 'ஸ்' என்று ஒரு பெருமூச்சு விட்டார். அவ்வளவுதான். புதுசையே வாங்கினேன். எதனால் தாங்கும் சவ்வு ஒன்றும் உபரியாக வாங்கிக் கொண்டேன்.

பொருத்தும் வேலை மூன்று மணி நேரத்தில் முடிந்தது. முதலில் பாட்டரி ஒயரைக் கழற்றினார்கள். பட்டறைப் பையன் ஒருவன் காதில் சொருகியிருந்த பீடியைப் பாய் பிடுங்கித் தெருவில் எறிந்தார். தொட்டியிலிருந்து வரும் குழாயை ஒரு பென்சில் துண்டால் அடைத்தார்கள். பம்புக்கும் யந்திரத்துக்கும் நடுவே சூட்டைத் தடுக்க ஒரு தடித்த கட்டை இருக்கிறது. புதுப் பேக்கிங்குகளோடு அதையே திரும்பப் போட்டார்கள். அதன் கனம் கூடினால் பம்பின் கை முழு வீச்சும் ஆடாது, குறைந்தால் கை முறிந்து போகும். ஹாண்டிலால் யந்திரத்தை மெதுவாகச் சுற்றி, காம்ஷாப்டின் மேடு அப்பால் திரும்பிய பிறகுதான் பம்பை உள்ளே நுழைத்தார் பாய். மேடு இந்தப் பக்கம் இருக்கும்போது பம்பை வைத்துத் திருகினால், ஒரு பக்கம் கோணி உட்காருமாம். இரண்டு போல்ட்டுகளையும் மாற்றி மாற்றிச் சிறிது சிறிதாக இறுக்கினார். பெட்ரோல் கலந்த எண்ணெயை முழுவதும் வடித்துவிட்டுப் புது எண்ணெய் ஊற்றிய பிற்பாடே ஸெல்ப் போட அனுமதித்தார். ரப்பர் ஹோஸ்களும் புதியவை. மறுபடியும் பாட்டில் பரீட்சை நடந்தது. இந்தத் தடவை பெட்ரோல், பாட்டிலின் அடியில் மோதி நுரைத்தது.

பாயிடம் கூலி எவ்வளவு என்று கேட்டேன். "உங்க அப்பாவிடம் எவ்வளவு வாங்கினேனோ அதையே கொடுங்க" என்றார். அந்தத் தொகையைக் கொடுத்தால் இப்போது இரண்டு டீ குடிக்கலாம். மகனிடம் தனியாகக் கேட்டு, சரியானதைக் கொடுத்தேன்.

அதற்குப் பிறகு இந்த ஆறு மாதத்தில் தஞ்சாவூருக்கு ஆறு தடவை போய் வந்தாயிற்று. வெயிலில் ஒரு தடவை, பாலத்து ஏற்றத்தில் வேண்டுமென்றே நிறுத்திக் கிளப்பிப் பார்த்தேன், முணுமுணுக்கவில்லை. என் மனைவியின் மாதாந்தரக் கேள்வியும் வழக்கம் போல் வருகிறது. அதற்கு என்னிடம் இன்னமும் முழுப் பதில் இல்லை. அடுத்த தடவை பதிவைப் புதுப்பிக்கும் சமயத்தில் அவள் கூட்டல் ஜயித்தாலும் ஜயிக்கும். இப்போதைக்கு, ஒவ்வொரு பிரயாணத்துக்கும் முன்னால் எண்ணெய்க் கம்பியை உருவி, மட்டத்தைப் பார்த்துவிட்டு, முகர்ந்தும் பார்க்கிறேன். தெருவில் போகிறவர்கள் இதை ஒரு மாதிரியாகப் பார்க்கிறார்கள். நேற்றுக் காலையில் மட்டம் கோட்டோடு கோடாக இருந்தது. எண்ணெய் வாசனையைத் தவிர வேறு வாசனை இல்லை. கம்பியைத் துடைத்துச் சொருகிவிட்டுப் பின்கதவைத் திறந்தேன். தாயார் உட்கார்ந்து கொண்டு, கால்களை ஒவ்வொன்றாக உள்ளே எடுத்து வைத்துக் கொண்டார்.